மாஸ்டடான் சர்வரில் சைட்கிக்கைத் தனியாகப் பிரிப்பது: எப்போது, எப்படி?

நொய்யல்

வணக்கம் நண்பர்களே. எங்கள் வாசகர் வட்டத்துக்காக ஒரு மாஸ்டடான் (ட்விட்டர் போன்ற, பல சர்வர்கள் ஒன்றோடொன்று பேசும் சமூக வலைத்தளம்) சர்வர் நடத்துகிறோம். நான்கு கோர், 8 ஜிபி ரேம் கொண்ட ஒற்றை வாடகைச் சர்வர். பக்கங்களைத் தரும் பூமா, புதிய பதிவுகளை உடனுக்குடன் காட்டும் ஸ்ட்ரீமிங், பின்னணி வேலைகளைச் செய்யும் சைட்கிக், தரவுத்தளமான போஸ்ட்கிரெஸ், வேலை வரிசைகளை நினைவகத்தில் வைத்திருக்கும் ரெடிஸ், வாசலில் நிற்கும் வலைச் சர்வர் என்ஜின்எக்ஸ் எல்லாம் அதிலேயே ஓடுகின்றன.

சாதாரண நாட்களில் குறையொன்றும் இல்லை. எங்கள் உறுப்பினர்களில் ஒருவருக்கு வெளிச் சர்வர்களில் ஏராளமான வாசகர்கள். அவர் எழுதும் பதிவு பரவத் தொடங்கினால் எல்லாமே தள்ளாட ஆரம்பித்துவிடுகிறது. முகப்புப் பக்கம் மெதுவாகத் திறக்கிறது. கடவுச்சொல்லை மாற்றக் கேட்டவருக்கு மின்னஞ்சல் வந்து சேர வெகுநேரம் ஆகிறது. அந்த நேரத்தில் யாராவது காணொளி ஏற்றினால் நிலைமை இன்னும் மோசம். சைட்கிக் பக்கத்தைத் திறந்தால் 'புஷ்' வரிசையில் ஆயிரக்கணக்கான வேலைகள் நிற்கின்றன.

மாதம் கொஞ்சம் கூடுதலாகச் செலவிட முடியும். இரண்டாவது சர்வர் எடுத்துச் சைட்கிக்கை மட்டும் அங்கே நகர்த்தலாமா? முன்கூட்டியே எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

கலங்கரை

நகர்த்தலாம். ஆனால் முதலில் அதே சர்வரிலேயே சைட்கிக்கை இரண்டு மூன்று புராசஸ்களாக (தனித்தனியாக ஓடும் நிரல்களாக) பிரியுங்கள். உங்கள் தொல்லையில் பாதி அதிலேயே தீரும், ஒரு ரூபாய்கூடச் செலவாகாது.

மாஸ்டடானில் வேலைகள் முக்கியமாக ஆறு வரிசைகளில் நிற்கின்றன. 'டீஃபால்ட்' உங்கள் சொந்த உறுப்பினர்களைத் தொடும் வேலைகளுக்கானது. 'புஷ்' உங்கள் பதிவுகளை வெளிச் சர்வர்களுக்குக் கொண்டுசேர்க்கிறது. 'இன்கிரஸ்' வெளியிலிருந்து வருபவற்றை வாங்குகிறது; 2022 நவம்பரில் வந்த 4.0 பதிப்பில் தனி வரிசையானது. 'மெயிலர்ஸ்' மின்னஞ்சல். 'புல்' அவசரமில்லாத வேலைகள்: இறக்குமதி, காப்புப்பிரதி, உரையாடல்களின் விடுபட்ட பதிவுகளைத் தேடி எடுப்பது போன்றவை. 'ஷெட்யூலர்' குறித்த நேரத்தில் ஓடும் பராமரிப்பு வேலைகள்.

இவை எல்லாவற்றையும் ஒரே புராசஸ் பார்த்துக்கொண்டால், ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு எடை உண்டு. எடைக்கு ஏற்ப எந்த வரிசையிலிருந்து அடுத்த வேலையை எடுப்பது என்று சைட்கிக் தீர்மானிக்கும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். டீஃபால்ட்டுக்கு எடை அதிகம், ஆகவே அது காத்திருக்காது என்று நம்புகிறார்கள். ஆனால் எடை என்பது காலியாக இருக்கும் ஒரு திரெட் (புராசஸுக்குள் ஒரு நேரத்தில் ஒரு வேலையைச் செய்யும் இழை) எதை எடுக்கும் என்பதற்குத்தான். எல்லாத் திரெட்டுகளும் பதில் சொல்லாத ஏதோ ஒரு வெளிச் சர்வரின் வாசலில் நின்றுகொண்டிருந்தால், எடுப்பதற்கு ஆளே இல்லை. இணைப்புக்கு ஐந்து விநாடி, பதிலுக்குப் பத்து விநாடி என்று மாஸ்டடான் காத்திருக்கும். அணைந்துபோன சர்வர்கள் பத்துப் பதினைந்து பட்டியலில் இருந்தாலே போதும், மின்னஞ்சல் வரிசை அசையாது.

அதனால் டீஃபால்ட், மெயிலர்ஸ், ஷெட்யூலர் மூன்றுக்கும் ஒரு புராசஸ். புஷ், புல் இரண்டுக்கும் இன்னொன்று. இன்கிரஸுக்கு மூன்றாவது. இனி புஷ் எவ்வளவு நீண்டாலும் கடவுச்சொல் மின்னஞ்சல் அதன் பின்னால் நிற்காது.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: ஷெட்யூலர் வரிசை ஒரே ஒரு புராசஸில்தான் இருக்க வேண்டும்.

தாழை

கலங்கரை சொன்னதில் புஷ் பற்றிய பகுதி முழுக்கச் சரி. ஆனால் நொய்யல் காணொளி பற்றியும் சொல்லியிருக்கிறார். அது வேறு நோய், மருந்தும் வேறு.

புஷ் வேலைகள் பெரும்பாலும் காத்திருக்கின்றன. வெளிச் சர்வரின் பதிலுக்காகக் காத்திருக்கும் திரெட் சிபியுவைத் தொடுவதில்லை. ரூபியில் ஒரு புராசஸுக்குள் ஒரு நேரத்தில் ஒரு திரெட்தான் ரூபி நிரலை ஓட்ட முடியும் என்றாலும், காத்திருக்கும் வேலைகளுக்கு அது தடையாகாது. ஆகவே புஷ்ஷுக்கு ஒரே புராசஸில் நிறையத் திரெட் கொடுக்கலாம். இன்கிரஸ் அப்படியல்ல. வருகிற ஒவ்வொன்றையும் பிரித்துப் படித்து, தரவுத்தளத்தில் எழுத வேண்டும். அங்கே திரெட்டைக் கூட்டுவதைவிடப் புராசஸைக் கூட்டுவதுதான் பலன் தரும்.

காணொளியை மாற்றுவது எஃப்எஃப்எம்பெக். அது தனி நிரல், கிடைக்கிற கோர்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும். அதை அழைப்பது டீஃபால்ட் வரிசை. வரிசைகளை எப்படிப் பிரித்தாலும், ஒரே சர்வரில் இருக்கும்வரை பூமாவும் போஸ்ட்கிரெஸும் அதோடு மல்லுக்கட்ட வேண்டும்.

இதற்கும் சர்வரை மாற்றுவதற்கு முன், லினக்ஸில் சேவைகளை நடத்தும் சிஸ்டம்டி இருக்கிறது. சைட்கிக் சேவைகளின் சிபியு எடையைப் பூமாவைவிடக் குறைத்து வையுங்கள். சிபியு ஓய்வாக இருக்கும்போது எஃப்எஃப்எம்பெக் முழுவதையும் எடுத்துக்கொள்ளும். நெருக்கடி வந்தால் பூமாவுக்கு வழிவிடும். அதோடு சேவைக்கு நினைவக உச்சவரம்பும் போடுங்கள். இல்லாவிட்டால் நினைவகம் தீரும் நேரத்தில் லினக்ஸின் மையமான கெர்னல் யாரைக் கொல்லும் என்று சொல்ல முடியாது. பல நேரம் அது கைவைப்பது போஸ்ட்கிரெஸ் மீது.

ஒரு புராசஸ் ஓடும்போதே சில நூறு எம்பி எடுக்கும். எட்டு ஜிபியில் மூன்று சைட்கிக் புராசஸ்கள் தாங்கும். நினைவகத்தைப் பங்கிடும் ஜெமல்லாக் நூலகத்தைச் சேர்த்து ஓட்டினால் நினைவகம் வீங்குவது குறையும்.

வடகரை

நண்பர்களே, தரவுத்தளத்தை யாருமே கணக்கில் சேர்க்கவில்லை. வொர்க்கர்களை, அதாவது சைட்கிக் புராசஸ்களை, பிரிக்கும்போது முதலில் உடைவது அதுதான்.

மாஸ்டடானோடு வரும் சிஸ்டம்டி கோப்பில் சைட்கிக்குக்கு 25 திரெட். ஒவ்வொரு திரெட்டுக்கும் தரவுத்தள இணைப்பு ஒன்று தேவைப்படும், அதனால் இணைப்புக் குளமும் (ஒரு புராசஸ் திறந்து வைக்கக்கூடிய இணைப்புகளின் எண்ணிக்கை) 25 என்றே இருக்கும். அந்தக் கோப்பை அப்படியே நகலெடுத்து மூன்று புராசஸ் ஓட்டினால் 75. பூமா இயல்பு அமைப்பில் இரண்டு புராசஸ், தலா ஐந்து திரெட்: 10. ஸ்ட்ரீமிங்குக்கு 10. மொத்தம் 95. போஸ்ட்கிரெஸ் இயல்பாக அனுமதிப்பது 100 இணைப்பு, அதில் மூன்று நிர்வாகிக்கு ஒதுக்கப்பட்டவை. மீதம் இரண்டே இரண்டு. இரவில் காப்புப்பிரதி ஓடும்போது நீங்கள் கையால் ஒரு கட்டளையைப் போட்டாலே வரம்பு முட்டிவிடும்.

100 என்பதை 500 ஆக்கினால் தீர்ந்தது என்பவர்கள் உண்டு. எட்டு ஜிபி சர்வரில் அப்படிச் செய்யாதீர்கள். போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு இணைப்பும் தனிப் புராசஸ், நினைவகம் தின்னும். வட்டும் கோர்களும் பழையபடியே இருக்கின்றன. கிணற்றில் ஊறும் நீர் அதேதான், வாளிகளை மட்டும் கூட்டினால் என்ன கிடைக்கும்?

திரெட்டுகளைக் குறைத்துப் பங்கிடுங்கள். டீஃபால்ட் புராசஸுக்கு 10, புஷ்ஷுக்கு 20, இன்கிரஸுக்கு 10 என்று தொடங்கலாம். இணைப்புக் குளத்தின் அளவையும் ஒவ்வொரு சேவையிலும் அதே எண்ணுக்கு மாற்ற வேண்டும். குளம் திரெட்டைவிடச் சிறிதாக இருந்தால் வேலைகள் இணைப்புக்காகக் காத்திருந்து பிழையோடு முடியும்.

அதற்கு மேல் போக வேண்டுமானால் பிஜிபவுன்சர்: பல இணைப்புகளைச் சில தரவுத்தள இணைப்புகளில் பகிர்ந்து கொடுக்கும் இடைநிரல். மாஸ்டடானுக்கு அதைப் பரிவர்த்தனை முறையில் (டிரான்ஸாக்ஷன் மோட்) ஓட்ட வேண்டும். முன்தயாரித்த வினவல்களை (பிரிபேர்டு ஸ்டேட்மென்ட்) அணைத்துவிட வேண்டும். தரவுத்தள அமைப்பை மாற்றும் மைக்ரேஷன் கட்டளைகளை மட்டும் பிஜிபவுன்சர் வழியாக ஓட்டாமல் நேராகப் போஸ்ட்கிரெஸோடு இணைத்து ஓட்டுங்கள்.

ஏலகிரி

நான் மாற்றுக் கருத்துச் சொல்ல வந்திருக்கிறேன். இந்த அளவுள்ள சர்வருக்கு இரண்டாவது இயந்திரம் வேண்டாம்.

இரண்டாவது இயந்திரம் வந்த நாளிலிருந்து எல்லாமே இரட்டை: பாதுகாப்புப் புதுப்பிப்பு, பதிப்பு உயர்த்தல், ஃபயர்வால், கண்காணிப்பு. தன்னார்வத்தில் நடக்கும் சர்வருக்கு நிர்வாகியின் மாலைநேரம்தான் மிக அரிதான வளம். அந்தப் பணத்தில் இருக்கிற சர்வரையே 16 ஜிபிக்கு உயர்த்துங்கள். போஸ்ட்கிரெஸுக்கு நினைவகம் கிடைக்கும், வினவல்கள் வேகமாகும். வினவல் வேகமானால் சைட்கிக்கும் தானாக வேகமாகும்.

ஹேக்கிடெர்ம் என்ற மாஸ்டடான் சர்வரின் கதையைப் படித்துப் பாருங்கள். 2022 அக்டோபர் இறுதியில் ட்விட்டர் கைமாறியதும் மாஸ்டடானுக்கு மக்கள் வெள்ளமாக வந்தார்கள். ஒருவர் வீட்டு நிலவறையில் ஓடிய அந்தச் சர்வர், சில நூறு பேரிலிருந்து சுமார் 30 ஆயிரம் பேர்வரை சில வாரங்களில் வளர்ந்தது. வெளியே பார்த்தவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் வரிசைகள் நீள்வதும் பக்கங்கள் திறக்காததும். அடியில் இருந்த கோளாறு வட்டுகளில். மெதுவான வட்டுகள் என்எஃப்எஸ் (வலை வழிக் கோப்புப் பகிர்வு) வழியாகப் படங்களைப் பரிமாறிக்கொண்டிருந்தன. அவற்றுக்காகக் காத்திருந்தவை மற்ற எல்லாவற்றையும் பிடித்து நிறுத்தின. படக்கோப்புகளைப் பொருள் சேமிப்பகத்துக்கு (வலை வழியே கோப்புகளை வைக்கவும் எடுக்கவும் உதவும் தனிச் சேவை) மாற்றி, ஜெர்மனியில் உள்ள வாடகைச் சர்வர்களுக்கு இடம்பெயர்ந்த பிறகுதான் அவர்கள் மூச்சுவிட்டார்கள். எத்தனை வொர்க்கர் கூட்டியிருந்தாலும் அந்த வட்டு வேகமாகியிருக்காது.

அளந்து பார்க்காமல் எதையும் நகர்த்தாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள்.

கலங்கரை

ஏலகிரி சொல்வது நியாயம். ஆனால் எதை அளப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வரிசையில் எத்தனை வேலைகள் நிற்கின்றன என்ற எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வரிசையின் தலையில் நிற்கும் மிகப் பழைய வேலை எவ்வளவு நேரமாக நிற்கிறது என்பதைப் பாருங்கள். சைட்கிக் பக்கத்திலேயே அது தாமதம் என்ற நெடுவரிசையில் இருக்கிறது. புஷ்ஷில் ஐயாயிரம் நின்று தாமதம் இருபது விநாடி என்றால் குறையில்லை. மெயிலர்ஸில் மூன்றே வேலை நின்று தாமதம் பத்து நிமிடம் என்றால் அதுதான் ஆபத்து.

டீஃபால்ட், மெயிலர்ஸ் இரண்டும் எப்போதும் சில விநாடிகளுக்குள் இருக்க வேண்டும். புஷ், இன்கிரஸ் ஓரிரு நிமிடம் தாண்டினால் கவனிக்க வேண்டும். புல் ஒரு மணி நேரம் நின்றாலும் யாருக்கும் தெரியப்போவதில்லை.

இன்னொரு செய்தி: தொடர்ந்து செத்துக்கிடக்கும் வெளிச் சர்வரை மாஸ்டடான் தானே ஒதுக்கிவிடும். ஏழு வெவ்வேறு நாட்களில் விநியோகம் தோற்றால் அந்தச் சர்வருக்கு அனுப்புவதை நிறுத்திவிடும். ஆகவே செத்த சர்வர்களைத் தேடித் தேடி நீங்கள் கையால் தடுக்க வேண்டியதில்லை.

நொய்யல்

எல்லோருக்கும் நன்றி. நாங்கள் டாக்கர் கம்போஸில், அதாவது ஒவ்வொரு சேவையையும் தனிக் கன்டெய்னரில் அடைத்து, ஓட்டுகிறோம். வரிசைகளை மூன்று கன்டெய்னர்களாகப் பிரித்து, வடகரை சொன்ன எண்களை வைத்திருக்கிறோம். மின்னஞ்சல் உடனுக்குடன் போகிறது, பெரிய ஆறுதல். ஆனால் காணொளி மாற்றும்போது மட்டும் பக்கங்கள் இன்னும் இழுக்கின்றன. சிபியு நான்கு கோரும் நிரம்பி நிற்கிறது. சேமிப்பும் நிரம்பிக்கொண்டே போவதால் படக்கோப்புகளை எப்படியும் பொருள் சேமிப்பகத்துக்கு மாற்ற முடிவெடுத்துவிட்டோம்.

சைட்கிக்கை மட்டும் ஏற்றச் சின்னதாக ஒரு சர்வர் எடுக்கலாம் என்று குழுவில் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். இனி அந்தச் சர்வருக்கு எவையெல்லாம் தேவை?

தாழை

பொருள் சேமிப்பகத்துக்கு மாறுவது இந்த வேலையின் முதல் படி. அது முடியாமல் டீஃபால்ட்டை நகர்த்தாதீர்கள். உறுப்பினர் ஏற்றும் காணொளியைப் பூமா வாங்கி வைக்கிறது, சைட்கிக் எடுத்து மாற்றுகிறது. கோப்பு முதல் சர்வரின் வட்டில் இருந்து, வொர்க்கர் இரண்டாவது சர்வரில் இருந்தால், அதற்குக் கோப்பே கிடைக்காது. இன்கிரஸுக்கும் இதே கதைதான்: வெளியிலிருந்து வரும் பதிவுகளின் படங்களை வொர்க்கர்கள்தாம் இறக்கி வைக்கின்றன. அவை தப்பான வட்டில் போய்ச் சேர்ந்தால் உங்கள் பக்கத்தில் உடைந்த படங்களாகத் தெரியும்.

அடுத்தது, இரண்டு சர்வர்களும் ஒரே தரவு மையத்தில், ஒரே உள்வலையில் இருக்க வேண்டும். ஒரு வேலை முடிவதற்குள் தரவுத்தளத்தோடும் ரெடிஸோடும் பலமுறை பேசும். இடையில் 30 மில்லிவிநாடி தூரம் இருந்து, ஒரு வேலைக்கு 20 வினவல் என்று வைத்துக்கொண்டால், காத்திருப்பு மட்டுமே 600 மில்லிவிநாடி. விலை மலிவு என்று வேறு கண்டத்தில் எடுத்துவிட்டால் வொர்க்கர் வேலை செய்வதைவிடக் காத்திருப்பதுதான் அதிகமாக இருக்கும்.

ரெடிஸை இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். அது உள்வலை முகவரியில் மட்டும் கேட்கட்டும், கடவுச்சொல் இருக்கட்டும், ஃபயர்வாலில் அந்த ஒரு சர்வருக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். டாக்கர் திறக்கும் போர்ட்டுகள் யுஎஃப்டபிள்யூ ஃபயர்வாலின் விதிகளைத் தாண்டிப் போய்விடும் என்பதையும் நினைவில் வையுங்கள். உள்வலை கிடைக்காவிட்டால் இரண்டுக்கும் இடையில் வயர்கார்டு விபிஎன் போடுங்கள்.

அமைப்புக் கோப்பு இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். ரகசியச் சாவிகளும், 4.3 பதிப்பிலிருந்து கேட்கப்படும் தரவுத்தள மறையாக்கச் சாவிகளும் ஓர் எழுத்துக்கூட மாறக் கூடாது.

வடகரை

தாழை விட்ட இரண்டைச் சேர்க்கிறேன்.

மின்னஞ்சல் இனி புதிய சர்வரிலிருந்து புறப்படும். உங்கள் அஞ்சல் சேவை ஐபி முகவரியைப் பார்த்து அனுமதிப்பதாக இருந்தால் புதிய முகவரியையும் பதியுங்கள். சொந்த அஞ்சல் என்றால், எந்தச் சர்வர் உங்கள் பெயரில் அஞ்சல் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் பதிவையும் திருத்துங்கள். மெயிலர்ஸை மட்டும் பழைய சர்வரிலேயே விட்டுவைத்தால் இந்தத் தலைவலியே இல்லை. அதன் சுமை மிகக் குறைவு.

ரெடிஸ் நினைவகம் நிரம்பும்போது என்ன செய்யும் என்பது அடுத்தது. இயல்பு அமைப்பில் அது எதையும் நீக்காமல் புதிதாக எழுத மறுத்துப் பிழை சொல்லும். தற்காலிகச் சேமிப்பகமாகத்தானே இருக்கிறது என்று நினைத்துப் பழையவற்றை நீக்கும் கொள்கைக்கு மாற்றிவிட்டால், வரிசையில் நிற்கும் வேலைகளும் சத்தமில்லாமல் அழியலாம். தற்காலிகச் சேமிப்புக்கும் சைட்கிக்குக்கும் தனித்தனி ரெடிஸ் வைத்துக்கொள்ள மாஸ்டடானில் வசதி இருக்கிறது; அதைப் பயன்படுத்துங்கள்.

கலங்கரை

நொய்யல், நீங்கள் டாக்கர் என்பதால் ஒன்றை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். சைட்கிக்கை நிறுத்தச் சொன்னால், கையில் இருக்கும் வேலைகளை முடிக்க 25 விநாடி எடுத்துக்கொள்ளும். முடியாதவற்றை ரெடிஸில் திருப்பி வைத்துவிட்டு அணையும். டாக்கரோ இயல்பாகப் பத்து விநாடிதான் பொறுக்கும், பிறகு கொன்றுவிடும். இலவசமாகக் கிடைக்கும் சைட்கிக்கில் வேலை எடுக்கப்பட்ட கணமே ரெடிஸ் வரிசையிலிருந்து நீங்கிவிடுகிறது. அப்படிக் கொல்லப்பட்டால் அந்த நேரத்தில் கையில் இருந்த வேலைகள் போனவைதான். மறுமுயற்சிப் பட்டியலிலும் இருக்காது, இறந்தவை பட்டியலிலும் இருக்காது. அவற்றில் ஒன்று யாரோ ஒருவர் மனம்விட்டு எழுதிய பதிவின் விநியோகமாக இருக்கலாம். கம்போஸ் கோப்பில் நிறுத்தக் காத்திருக்கும் நேரத்தை 40 விநாடி ஆக்குங்கள். சிஸ்டம்டியில் இயல்பு நேரம் 90 விநாடி என்பதால் அங்கே இந்தத் தொல்லை இல்லை.

காணொளி மாற்றம் 25 விநாடியில் முடியாது. எனவே அணைப்பதற்கு முன் அமைதிப்படுத்தும் சிக்னலை அனுப்புங்கள். சைட்கிக் பக்கத்திலேயே அதற்குப் பொத்தான் இருக்கிறது. புதிய வேலை எடுப்பதை அது நிறுத்திவிடும். நடப்பவை முடிந்ததும் அணையுங்கள்.

ஏலகிரி

பொருள் சேமிப்பகம், ஒரே தரவு மையம், சிபியு நான்கு கோரும் நிரம்புவதை அளந்து பார்த்தது: இவ்வளவும் சேர்ந்த பிறகு இரண்டாவது சர்வர் எடுப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஒன்று மட்டும் செய்யுங்கள். பழைய சர்வரிலும் டீஃபால்ட், மெயிலர்ஸ், ஷெட்யூலர் மூன்றையும் பார்க்கும் ஒரு சிறிய புராசஸை விட்டுவையுங்கள், ஐந்து திரெட் போதும்; ஷெட்யூலர் மட்டும் அங்கே தவிர வேறெங்கும் இருக்கக் கூடாது. புதிய சர்வரோ இடையிலுள்ள வலையோ விழுந்தாலும் உங்கள் ஆட்கள் ஒருவரையொருவர் படித்துக்கொண்டிருக்கலாம். புஷ்ஷும் இன்கிரஸும் வரிசையில் பத்திரமாகக் காத்திருக்கும்.

டீஃபால்ட் அங்கும் இருப்பதால் சில காணொளிகள் பழைய சர்வரிலேயே மாற்றப்படும். தாழை சொன்ன சிபியு எடை அங்கே உதவும்.

நொய்யல்

கடைசியாக ஒரு கேள்வி. பதிப்பு உயர்த்தும்போது இரண்டு சர்வர்களில் எதை முதலில் உயர்த்துவது?

வடகரை

மாஸ்டடானின் பெரிய பதிப்புகளில் மைக்ரேஷன் இரண்டு கட்டமாக வரும். முதல் கட்டம் தரவுத்தள அட்டவணைகளில் புதிய நெடுவரிசைகளையும் இண்டெக்ஸ்களையும் சேர்க்கும். பழைய நிரலாலும் அதோடு ஓட முடியும். பின்கட்ட மைக்ரேஷனைத் தவிர்க்கும் மாறியை வைத்து இதை முதலில் ஓட்டுங்கள். பிறகு இரண்டு சர்வர்களிலும் புதிய பதிப்பை ஏற்றி, பூமா, ஸ்ட்ரீமிங், சைட்கிக் எல்லாவற்றையும் மறுதொடக்கம் செய்யுங்கள். பழைய பதிப்பில் ஒரு வொர்க்கர்கூட மிச்சமில்லை என்பதைச் சைட்கிக் பக்கத்தின் புராசஸ் பட்டியலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். அதன் பிறகே பின்கட்ட மைக்ரேஷன். பழைய நிரலுக்குத் தேவையானவற்றை நீக்குவது அந்தக் கட்டம்தான். மறந்துபோன ஒரு வொர்க்கர் அப்போது பழைய பதிப்பில் ஓடிக்கொண்டிருந்தால் அதன் வேலைகள் ஒவ்வொன்றாகத் தோற்று மறுமுயற்சிக்குப் போய்க்கொண்டிருக்கும்.

உங்கள் இரண்டு கம்போஸ் கோப்புகளிலும் பதிப்பு எண்ணைத் தெளிவாக எழுதுங்கள். 'லேட்டஸ்ட்' என்று விட்டுவைக்காதீர்கள்.